கால் பாவுதல்

செலோப் பெட்டியைச் சுமந்துகொண்டு
மூன்று வாரமாய் நடக்கிறான் மீசைக்காரன்.
நொடிக்கு இருபத்துநாலு படம்,
இடக்கால், வலக்கால், மறுபடி இடக்கால்.
கோட்டுக்குப் பொத்தான் உண்டு, காதுக்குள் நிழல் உண்டு,
பெட்டியின் தோல்பிடியில் தையல்கூடப் போட்டாயிற்று.
கால் மட்டும் பாவவில்லை.
தரைக்கு ஒரு முடியளவு மேலே
வழுக்கிக்கொண்டே போகிறான், பேய்மாதிரி.

"அந்தப் பெட்டிக்குள் என்ன, காற்றா?"
கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார் ஆசிரியை.
த்ரீனு பதில் சொல்லவில்லை.
பெட்டிக்குள் என்ன என்று
அவள் யோசித்ததே இல்லை.

தார்த்து நகரில் பிப்ரவரி.
விடுதியின் நான்காம் மாடி, ஹீட்டர்மேல் காயும் காலுறை,
இரண்டு விரலை மட்டும் மூடுகிற கையுறை,
முனை தேய்ந்த ஸ்டைலஸ்.
லேயருக்கெல்லாம் பெயர் வையுங்கள் என்றார்கள் முதல்நாளே.
வைத்தாள்: தலை. தொப்பி. மீசை.
இப்போது இருப்பவை:
கை புதிது. கை புதிது நகல். கை புதிது நகல் நகல்.
இது கடைசி. இதுதான் கடைசி.
வெங்காயத்தோலைப் போட்டால்
போன கால் சிவப்பாய்த் தெரியும், வரும் கால் பச்சையாய்.
நடுவில் இருக்கவேண்டிய காலைத்தான் காணோம்.

பக்கத்து அறை யோசெப் சொன்னான்:
"நீயே நட. நான் எடுக்கிறேன்."
அவனுடைய நீர்நாய் போன வாரமே
தும்மக் கற்றுக்கொண்டுவிட்டது.

பயணப்பெட்டியில் பத்துக் கிலோ உருளைக்கிழங்கு.
'தாய் ஆறு' என்று பொருள்வரும் ஆறு
மேலே வெள்ளையாய் இறுகிக் கிடக்க,
வளைவுப் பாலத்தில் நடந்தாள்.
முதல்முறை நடித்தாள்.
இரண்டாம்முறை இன்னும் நன்றாக நடித்தாள்.
மூன்றாவதில் கை நிஜமாகவே கடுக்க
தோள் தானாய்ச் சரிந்தது, இடுப்பு எதிர்ப்பக்கம் ஒதுங்கியது,
குதிகால் தரையை அழுத்திக் கேட்டது, தாங்குவாயா என்று.
இறக்கத்தில் பனி
தாங்கவில்லை.

இரவு, படம் படமாய் நகர்த்துகிறாள்.
ஏழில் குதிகால் விடுகிறது.
ஒன்பதில் பெட்டி அவளுக்கு முன்பே புறப்பட்டுவிட்டது.
பதினொன்றில்
அவள் சிரிக்கிறாள்.
போகவிருந்த பேருந்து நின்றுவிட்டதுபோல்
பல் தெரிய.
பன்னிரண்டில் அது இல்லை. விழுகிற எல்லோருக்கும் உள்ள முகம்.
பதினாறில் உருளைக்கிழங்குகள்.
அப்புறம் வானம், கைப்பிடிச்சுவர், யோசெப்பின் முழங்கால்.
ஓடி வந்திருக்கிறான்.
அவள் எழுந்ததற்கு ஒரு படமும் இல்லை.

கேட்டது நடை மட்டும்தான்.
ஆனாலும் மீசைக்காரனை விழவைத்தாள்.
பதினொன்றில் மீசைக்கு அடியில்
மேல்நோக்கி ஒரு சின்னக் கோடு.
ஓட்டிப் பார்த்தாள். தெரியவில்லை.
மறுபடி ஓட்டினாள். யாருக்கும் தெரியாது.
அழிக்கவில்லை.

கடைசிப் படம் தீர்ந்ததும் முதல் படம் வருகிறது:
விழுந்தவன் எழாமலே நிற்கிறான், பெட்டியோடு.
அது பொய் என்று
உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போன
அவளுடைய இடுப்புக்குத் தெரியும்.

மணி இரண்டேகால்.
ஸ்டைலஸை வைத்துவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தாள்.
முதலில் எது?
முழங்கை. பிறகு உள்ளங்கை. பிறகு, இல்லை,
மறுபடி படுத்தாள்.
கீழ்வீட்டில் யாரோ கூரையைத் தட்டினார்கள்.
முழங்கை. உள்ளங்கை. இடுப்பு மாட்டேன் என்றது.

கட்டிலுக்கடியில் ஒரு உருளைக்கிழங்கு,
மண்ணோடு, பாலத்தின் உப்போடு.
எட்டி எடுத்தாள்.
எடுத்தவள் அதைக் கையில் வைத்தபடி
நின்றுகொண்டிருந்தாள்.
எப்படி எழுந்தோம் என்று பார்க்கத் தவறிவிட்டது.

மறுபடி படுக்கிறாள்.